சுருதியைக் கேட்டுவிட்டுப் பாட்டைக் கட்டுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

முதல் பாட்டு, முதல் ஆல்பம் என்று வேலையில் இறங்கியிருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: வெளியிலிருந்து ஒரு வித்வானையோ பம்பைக்காரரையோ அழைத்து வாசிக்க வைக்கும் இடம். அவற்றில் சில இங்கே.

நான்கு பாட்டுகள் கொண்ட ஆல்பத்தை வீட்டு லேப்டாப்பிலேயே முடித்துவிட்டேன். ஒரு பாட்டுக்கு மட்டும் நாகஸ்வரமும் தவிலும் வேண்டும். பாட்டு ஏ மேஜரில் இருக்கிறது. “என் குழல் இரண்டரைக் கட்டை தம்பி, உங்க பாட்டுக்கு ஒத்து வராது” என்கிறார் வித்வான். வாசித்ததன் சுருதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள முடியாதா?
– வாசகர், பென்னாகரம்

ஏற்றலாம். கேட்கச் சகிக்காது. இரண்டரைக் கட்டைக்கும் உங்கள் ஏ-யான 6 கட்டைக்கும் நடுவில் ஆறு அரைஸ்வரம் (ஆர்மோனியத்தில் கறுப்பும் சேர்த்து அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி) இருக்கிறது. ஓர் அரைஸ்வரம் நகர்த்தினால் காது பொறுத்துக்கொள்ளும். ஆறு நகர்த்தினால் கமகமெல்லாம் நடுங்கி, நாகஸ்வரம் திருவிழாக் கடை ஊதல் மாதிரி ஆகிவிடும். ஆனால் வித்வான் ‘ஒத்து வராது’ என்று நிறுத்திய இடத்துக்கு அப்பால் ஒரு வழி உண்டு.

முதலில் இருவர் கணக்கையும் ஒன்றாக்குங்கள். கட்டை என்பது ஆர்மோனியக் கட்டைதான். 1 கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், 2 டி, இரண்டரை டி ஷார்ப், 3 இ, 4 எஃப், நாலரை எஃப் ஷார்ப், 5 ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், 6 ஏ. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. இது தெரியாமல் “மூன்றரையில் வாசிக்க முடியுமா?” என்று கேட்டால் வித்வான் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவார்.

இப்போது பாட்டை ஏ-யிலிருந்து ஓர் அரைஸ்வரம் இறக்கி ஜி ஷார்ப்புக்குக் கொண்டுவாருங்கள். இரண்டரைக் கட்டைக் குழலின் மத்யமம் அங்கேதான் விழுகிறது. அந்த மத்யமத்தையே ஷட்ஜமாகப் பிடித்து அவர் வாசித்துவிடுவார். ‘மத்யம சுருதியில் வாசிக்க முடியுமா?’ என்று கேட்டால் போதும், விளக்க வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு: மேலே ஏறும் இடம் சுருங்கும். மேல் ஸ்தாயியில் நீளமாக நிற்கும் சங்கதி உங்கள் மெட்டில் இருந்தால், நாள் குறிப்பதற்கு முன்பே அந்த வரியை மட்டும் ஊதிக் காட்டச் சொல்லுங்கள். மிடியில் (ஒலியாக அல்லாமல் ஸ்வரக் குறிப்பாக) இருக்கும் கீபோர்டு ஒரு கட்டளையில் இறங்கிவிடும். கிட்டாரில் ஆறு தந்தியையும் அரைஸ்வரம் தளர்த்தி மறுபடி வாசிக்க வேண்டும், குரலும் மறுபடிதான். வலிக்கும். அடுத்த ஆல்பத்தில் வித்வானின் கட்டையைக் கேட்டுவிட்டுப் பாட்டைத் தொடங்குவீர்கள்.

இதோடு முடியவில்லை. ‘இரண்டரை’ என்பது ஏட்டுக் கணக்கு. குழல் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். கால் மணி நேரம் ஊதிச் சூடான பிறகு ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பத்து விநாடி நிறுத்தி ஊதச் சொல்லி, போனில் பதிவுசெய்து டியூனர் செயலியில் பாருங்கள். 20 சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருந்தால் உங்கள் மென்பொருளின் அடிப்படைச் சுருதியை 440-லிருந்து 445 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு மற்றவற்றைப் பதியுங்கள். ஏ.சி.யை நம்ப வேண்டாம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஊதுவாத்தியச் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் மாறும். 22 டிகிரி அறையில் குழல் ஆறிக் கிடந்து, முதல் டேக் ஒரு சுருதியிலும் ஐந்தாவது டேக் இன்னொன்றிலும் விழும். சீவாளியும் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) காயும். ஏ.சி.யை முன்கூட்டியே ஓடவிட்டு, ஆள் வந்ததும் அணைத்துவிடுங்கள். எந்தச் சீவாளியில் வாசித்தார் என்பதைக் குறித்துவைத்து, அதையே தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு வரியை வேறு சீவாளியில் ஒட்டுப்போட்டால், ஒட்டு ஒட்டாகவே தெரியும்.

மைக்கைப் பொறுத்தவரை எல்லோரும் செய்யும் தவறு, அணசுக்கு (குழலின் அடியில் விரிந்திருக்கும் வாய்) நேர் எதிரே வைப்பது. நாகஸ்வரத்தில் நாதம் பெரும்பாலும் திறந்திருக்கும் துளைகள் வழியாக வெளியே வருகிறது. அணசை மட்டும் பிடித்தால் சில ஸ்வரங்கள் காதைக் குத்தும், சில காணாமல் போகும். 4 அடி தள்ளி, விரல்கள் நடமாடும் நடுப்பகுதிக்கு நேராக, சற்று மேலிருந்து பார்க்கிற மாதிரி வையுங்கள். கண்டென்சர் மைக் என்றால் அதிலுள்ள பேட் பொத்தானை (மைக்குக்குள் சத்தத்தைக் குறைப்பது) போட்டுவிடுங்கள். மைக்குக்குள்ளேயே உடையும் சத்தத்தை இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) கெயினைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதிந்தால் போதும்.

தவிலுக்கு இரண்டு மைக். வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி தூரத்தில். விரல் கூடுகள் விழும் வலந்தலைக்கு ஷூர் எஸ்.எம். 57 மாதிரி ஒரு டைனமிக் மைக் தாங்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் ‘தொம்’ மெலிந்து போனால், ஒரு டிராக்கின் ஃபேஸை (ஒலி அலையின் மேல்-கீழ்) திருப்பிப் போட்டுப் பாருங்கள். சத்தம் திடீரென்று கனத்தால் திருப்பியபடியே விட்டுவிடுங்கள்.

வேகம் காட்ட ஹெட்ஃபோனில் ஒலிக்கும் கிளிக்கை ‘டிக் டிக்’ என்று கொடுக்காதீர்கள். ஜால்ரா சத்தத்தை ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கு வைத்து, சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடி) மட்டும் கொஞ்சம் அழுத்திக் கொடுங்கள். காதில் தம்பூரா சுருதியும் இருக்கட்டும். ‘80 பி.பி.எம்., 4 பார்’ என்பதற்குப் பதில் ‘இரண்டு ஆவர்த்தனம், 12 விநாடி’ என்று சொல்லுங்கள். அவர் வாசிக்க வேண்டிய இடங்களைக் காலியாக விட்ட பாட்டு ஒரு வாரத்துக்கு முன்பே அவர் போனில் இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து மெட்டுச் சொல்லிக்கொடுப்பதுதான் உலகத்திலேயே விலை கூடிய பாட்டு வகுப்பு.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் நாகஸ்வரக் குழு கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் நிதானமாக வருவார்கள்.

பம்பை, சிலம்பு வைத்து ஒரு அம்மன் பாட்டு. பம்பைக்காரர் கிளிக்கைக் காதில் போட்டதும் தடுமாறுகிறார். ஹெட்ஃபோனைக் கழற்றினால் பிரமாதம், ஆனால் வேகம் ஏறிக்கொண்டே போகிறது.
– வாசகர், போச்சம்பள்ளி

ஏறத்தான் வேண்டும். வர்ணிப்புப் பாட்டில் வேகம் ஏறுவது பிழை அல்ல, அதுதான் பாட்டு. கிளிக்கைத் தூக்கி எறியுங்கள்.

வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். பாடுபவரும் பம்பைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் மூன்று முறை பதியுங்கள். பாடுபவரின் மைக்கில் பம்பை கலந்துவிடும். கவலை வேண்டாம், அந்தக் குரல் வழிகாட்ட மட்டுமே, பிறகு தனியாகப் பாடிக்கொள்ளலாம். மூன்றில் நல்லதை எடுத்து, மென்பொருளில் ஒவ்வொரு சமத்திலும் கையால் புள்ளி வைத்து வேக வரைபடம் போடுங்கள். ரீப்பர், கியூபேஸ், லாஜிக் மூன்றிலுமே இது உண்டு. 5 நிமிடப் பாட்டுக்கு ஒரு மணி நேர வேலை. அதன்பின் கீபோர்டும் பேஸும் பம்பையின் பின்னால் நடக்கும். 92-இல் தொடங்கி 118-இல் முடிந்தாலும் எல்லாம் ஒட்டி நிற்கும்.

பம்பைக்கு இரண்டு உருளைகள்: ஒன்று மரம், ஒன்று உலோகம். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் உலோகப் பம்பை மற்றதை விழுங்கிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள்.

நாள் விஷயத்தில் மேலே சொன்னதற்கு இது நேர் எதிர். ஆடியில் பம்பைக்காரரைக் கூப்பிட்டால் எந்தக் கோயிலிலிருந்து ஓடி வருவார்?

12-க்கு 10 அடி அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். பறை பதிந்தால் தகர டப்பா மாதிரி விழுகிறது. பெங்களூர் ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

முட்டை அட்டையை உரித்துக் குப்பையில் போடுங்கள். அது உச்ச ஒலியைக் கொஞ்சம் தின்னும். பறையின் உடம்பு இருக்கும் கீழ் ஒலியைத் தொடக்கூட முடியாது. சுவர்கள் எதிரெதிராக நிற்க, காங்கிரீட் கூரை மேலே குந்தியிருக்க, அடித்த அடி பத்து விதமாகத் திரும்பி மைக்கில் விழுகிறது. தகர டப்பா அதுதான். குரலுக்கு இந்த அறையைத் தேற்றலாம்: 50 மில்லிமீட்டர் தடிமன், கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பலகை ஆறு வாங்கி, சட்டம் அடித்து, காடாத் துணியால் மூடி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி மாட்டுங்கள். தரையில் ஜமக்காளம். அதற்குச் செலவழிக்க மனமில்லையென்றால் இலவம்பஞ்சு மெத்தை இரண்டை மூலையில் நிமிர்த்தி வையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

பறைக்கு மட்டும் அறையே வேண்டாம். உங்கள் ஊரைச் சுற்றி மாந்தோப்புக்கா பஞ்சம்? தோப்பின் நடுவில் திருப்பி அடிக்கச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. இலை அடர்ந்த மரங்கள் மிச்சத்தைச் சிதறடித்துவிடும். கல்யாண மண்டபம் மட்டும் கூடாது. அங்கே கூடும் எதிரொலியை எந்த மென்பொருளும் சுத்தமாகத் துடைக்காது.

தோப்புக்குப் போகும் முன், போக நினைக்கும் அதே நேரத்தில் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். நெடுஞ்சாலை லாரியின் அடிக்குரல் இரண்டு கிலோமீட்டர் தள்ளியும் வரும். விடிகாலையில் குயில், அந்தியில் சில்வண்டு, கரண்ட் வந்ததும் பக்கத்துக் காட்டு மோட்டார். வெயில் ஏறிய பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை பல தோப்புகள் ஆச்சரியமாக அமைதியாக இருக்கும். மைக்குக்கு ரோமம் வைத்த காற்றுறை போடுங்கள். நுரை உறை வெளிக்காற்றுக்குப் போதாது. லேப்டாப்பை பேட்டரியிலேயே ஓட்டினால் கரண்ட் இரைச்சலும் இல்லை.

பறையைப் பற்றி இன்னொன்று. காய்ச்சிய தோல் ஆற ஆறச் சுருதி இறங்கும். ஒரே பறையை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒட்டிப் பதிந்தால், முதல் வரி கணீரென்றும் நாலாவது வரி சொத்தென்றும் இருக்கும். மூன்று பறை வையுங்கள்: ஒன்று கையில், ஒன்று நெருப்பருகே, ஒன்று காத்திருப்பில். ஒவ்வொரு டேக்கும் முழுப் பாட்டாக இருக்கட்டும். வைக்கோல் நெருப்பு, காற்று வீசிப் போகும் பக்கத்தில், மைக்கிலிருந்து முப்பது அடியாவது தள்ளி இருக்கட்டும்; சடசடப்பு மைக்கில் ஏறும். தோப்புக்காரரிடம் கேட்காமல் நெருப்பு மூட்டாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகள் வயலின் வாசித்து அனுப்பினாள். பாட்டு 5 நிமிடம். அவள் டிராக்கைப் போட்டால் 4 நிமிடம் 36 விநாடியில் முடிகிறது, சுருதியும் மேலே நிற்கிறது. அவளைத் திட்டியும்விட்டேன்.
– வாசகி, அரூர்

மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவள் 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்ற கணக்கு) பதிந்திருக்கிறாள், உங்கள் வேலை 48-இல் இருக்கிறது, மாற்றாமல் அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். 300 விநாடியை 48-க்கும் 44.1-க்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் சுமார் 276 வரும். உங்கள் 4.36 அதுதான். சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறியிருக்கும். இறக்குமதி செய்யும்போது ‘சாம்பிள் ரேட்டை மாற்று’ என்பதை டிக் செய்தால் தீர்ந்தது. மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை வெளியூர்க்காரருக்கு அனுப்ப வேண்டியவை: வயலின் இல்லாத பாட்டு ஒரு கோப்பு, தாளம் மட்டும் ஒரு கோப்பு, குரல் மட்டும் ஒரு கோப்பு. மூன்றும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். மூன்றும் ஒரே புள்ளியில் தொடங்கி, முதல் இரண்டு ஆவர்த்தனம் வெறும் தாளமாக இருக்க வேண்டும். அவளும் அதே புள்ளியிலிருந்து வெட்டாமல் அனுப்பட்டும். எம்.பி.3 ஆக மாற்றினால் தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் தானாக ஒட்டிக்கொள்ளும். வயலின் ஏன் எப்போதும் ஒரு நூல் பிந்துகிறது என்று இரவெல்லாம் தேடுவீர்கள். மோனோ வேவ் நிமிடத்துக்கு 8.6 எம்.பி., 5 நிமிடத்துக்கு 43 எம்.பி. வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் நசுங்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

எஃபெக்ட் எதுவும் போடாமல் அனுப்பச் சொல்லுங்கள். அவள் அறையின் எதிரொலிமேல் உங்கள் எதிரொலியும் ஏறினால் வயலின் கிணற்றுக்குள் இருந்து கேட்கும்.

ஹெட்ஃபோனில் தன் குழல் சத்தமே பின்னால் வருகிறது என்கிறார் புல்லாங்குழல் வாசிப்பவர்.
– வாசகர், ஓசூர்

பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 1024-இல் இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கே 21 மில்லிவிநாடி. போக, வர இரட்டிப்பு. பதியும்போது 128-க்கு இறக்குங்கள், அல்லது இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போடுங்கள். மிக்ஸிங்குக்கு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

நண்பர் என்பதால் எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒரு தொகை கொடுத்து வாசிக்க வைத்தேன். பாட்டு கொஞ்சம் ஓடியதும் பங்கு கேட்கிறார். முன்புறம் வரும் சங்கதி தன்னுடையது என்றும் சொல்கிறார். ஒருமுறை பணம் கொடுத்தால் முடிந்தது இல்லையா?
– வாசகர், பாலக்கோடு

இல்லை. இந்த இடத்தில் நம்மூரில் எல்லோரும் வாய்வார்த்தையை நம்புகிறோம். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நம்புவதில்லை.

மூன்றைப் பிரித்துப் பாருங்கள். பதிவு ஒன்று: அதைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர் தயாரிப்பாளர், அதாவது நீங்கள்; வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை. வாசிப்பு இன்னொன்று: வாசித்தவருக்கென்று கலைஞர் உரிமை தனியாக உண்டு, அது 50 வருடம். மூன்றாவது மெட்டு. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அவர் வாசித்திருந்தால் மெட்டில் அவருக்கு உரிமை இல்லை. ‘ஏதாவது போடுங்கண்ணே’ என்று விட்டுவிட்டு, அவர் போட்டதே பாட்டின் அடையாளமாகிவிட்டது என்றால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இசை உருவாக்கத்தில் அவர் பெயரும், பேசி முடித்த ஒரு சதவீதமும் சேர்வதே மரியாதை. பெயர் போடுவது தயவு அல்ல. வாசித்தவர் இன்னார் என்று குறிப்பிடக் கேட்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு.

உரிமையை எழுதி வாங்க கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதில் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். உங்கள் பாட்டு உலகமெங்கும் ஒரே நேரத்தில் வெளியாகிறது, தாள் இந்தியாவோடு நின்றுவிடுகிறது. ஒரே பக்கம் போதும்: பாட்டின் பெயர், வாசித்த வாத்தியம், தேதி, கொடுத்த தொகை, வருமானத்தில் பங்கு உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, உலகம் முழுவதுமா, பெயர் எப்படி எழுத்துக்கூட்டி வர வேண்டும். மைக் பொருத்திக்கொண்டிருக்கும்போது நீட்டாதீர்கள். நாள் பேசும் அன்றே காட்டி, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு? நண்பரோடு உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு கொஞ்சமாக ஓடும்போது இது அரை மணிப் பேச்சு.

பாட்டி பாடிய தாலாட்டை என் ஆல்பத்தில் வைத்து, கூத்து வாத்தியாரை முகவீணை வாசிக்க வைக்கலாமா? யாரிடமாவது அனுமதி வேண்டுமா?
– வாசகி, ஊத்தங்கரை

யார் கட்டியது என்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை, தாராளமாகப் பாடலாம். ஆனால் யாரோ ஒருவர் அதைப் பதிவுசெய்து வெளியிட்ட ஒலியை வெட்டிச் சேர்க்கக் கூடாது. அந்தப் பதிவு அவருடையது. கூத்து வாத்தியார் தானே கட்டிய பாட்டென்றால் அது அவர் சொத்து. மேலே சொன்ன தாள் அங்கேயும் வேண்டும். பாரதியார் பாடல் வரிகளைத் தடையின்றிப் பயன்படுத்தலாம், ஆனால் படத்தில் வந்த மெட்டோடு அல்ல.

முகவீணை சிறிய குழல், சுருதி தூக்கல். நாகஸ்வரத்துக்குச் சொன்ன பதிலை மறுபடி படித்துவிட்டுத் தாலாட்டின் கட்டையைத் தீர்மானியுங்கள்.

வெளியிடும்போது வாசித்தவர் பெயரை எங்கே போடுவது? என் பாட்டு இதே பெயருள்ள வேறொருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.
– வாசகர், பர்கூர்

விநியோக நிறுவனத்தின் (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்புபவர்) படிவத்தில் முதன்மைக் கலைஞர், உடன் தோன்றும் கலைஞர், வாத்தியக் கலைஞர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். தலைப்பிலேயே பெயர் தெரிய வேண்டியவர் இரண்டாவதில்; மற்றவர்கள் மூன்றாவதில், வாத்தியத்தின் பெயரோடு. வெறும் பெயரை மட்டும் தட்டினால் இயந்திரம் அதே பெயருள்ள யாரோ ஒருவரோடு ஒட்டிவிடும். ஸ்பாட்டிஃபை பக்கம் ஏற்கெனவே இருந்தால் அதன் இணைப்பைக் கேட்டு வாங்கி ஒட்டுங்கள். இல்லையென்றால் ‘புதிய கலைஞர்’ என்று குறியுங்கள். இப்போது தவறிப் போனதை விநியோக நிறுவனத்துக்கே எழுதினால் மாற்றித் தருவார்கள்.

பாட்டுக்கும் அதன் வாத்திய வடிவத்துக்கும் தனித்தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) வேண்டும். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் தயாரிப்பாளர்களுக்குப் பாட்டை முன்வைக்க வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்பே வேண்டும்; நீங்கள் மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலை அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் படமெடுத்து அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.